கூட்டா வாங்கலாம், கணக்கா பிரிக்கலாம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நாலஞ்சு குடும்பம் சேர்ந்து மளிகை சாமான மொத்த விலைக்கு வாங்கி பிரிச்சுக்கறத பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், அவ்ளோதான், கேள்வியா வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் இடம் இல்ல, ஒரே மாதிரி இருந்ததெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும்தான் இருக்கு. ஏன் பேர் வேணாம்னாங்கன்னு படிச்சா உங்களுக்கே புரியும், பாதி கேள்வி பக்கத்து வீட்டுக்காரங்கள பத்தி.

எங்க அப்பார்ட்மெண்ட்ல 40 வீடு இருக்கு. எல்லாரையும் சேர்த்து ஆரம்பிக்கலாமா அக்கா? என்னென்ன சாமான் வாங்கறது?
(ஒரு வாசகி, மடிப்பாக்கம்)

40 வேணாம்மா. எட்டு வீடு, மிஞ்சிப்போனா பன்னெண்டு. 40 வீட்டையும் சேர்த்தா முதல் மாசம் வாட்ஸ்அப் குரூப்ல குட் மார்னிங் பூ படத்துக்கு நடுவுல ஆர்டர தேடிட்டு இருப்பீங்க. ஒருத்தர் வீட்டு வாசல்ல இன்னொருத்தர் கூச்சப்படாம போய் நிக்கிற அளவு பழக்கம் இருக்கறவங்களா பாத்து சேருங்க, மத்தவங்க பாத்துட்டு தானா கேப்பாங்க, அப்போ அவங்கள தனி குரூப்பா ஆரம்பிக்க சொல்லுங்க, உங்களோடதுல சேர்க்காதீங்க. ஜப்பான்ல செய்கட்சு கிளப்னு ஒண்ணு இருக்கு, 1965ல டோக்கியோவுல வீட்டுப் பொம்பளைங்க சேர்ந்து 300 பாட்டில் பால மொத்தமா வாங்க ஆரம்பிச்சது, அப்புறம் லட்சக்கணக்கான குடும்பம் சேர்ந்த அமைப்பாச்சு. அவ்ளோ பெருசானதும் கூட அக்கம்பக்கத்து வீடுங்க சேர்ந்த 'ஹான்'ங்கற சின்ன சின்ன குழுவா பிரிச்சுதான் நடத்தினாங்க, ஆர்டர் போடறது, இறக்கி பிரிக்கறதுன்னு எல்லாமே அந்த குழுவுக்குள்ள.

சாமான் விஷயத்துல எல்லாரும் முதல்ல அரிசிக்குதான் பாய்வாங்க, ஆனா அரிசிதான் இருக்கறதுலயே கஷ்டம். ஒரு வீட்ல பொன்னி புழுங்கல், ஒரு வீட்ல பச்சரிசி, ஒரு மாமியாருக்கு இட்லி அரிசி குண்டா இருக்கணும், ஒருத்தர் சுகருக்கு பயந்து மாப்பிள்ளை சம்பாவுக்கு மாறியிருப்பார். பன்னெண்டு வீட்ல ஏழு ரகம் வரும், எதுலயும் மூட்டை நிறையாது. எல்லா வீட்லயும் ஒரே மாதிரி போறது துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய், மல்லி, புளி, எண்ணெய். இதுல மூணோ நாலோ எடுத்து ஆரம்பிங்க. ரேஷன்ல 30 ரூபாய்க்கு வர்ற ஒரு கிலோ பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் யாரும் விட்டுட வேணாம், அது போக மேல தேவைப்படறதுக்குதான் நம்ம மூட்டை.

நான்தான் எங்க குரூப்ல பொறுப்பு. என் கைக்காசு போட்டு வாங்கிடறேன், அப்புறம் ஒவ்வொருத்தரா தர்றாங்க. ரெண்டு பேர் மூணு மாசமா தரல. ரெண்டு பேருமே நல்ல பழக்கம். எப்படி கேக்கறது?
(ஒரு வாசகர், நாகமலை புதுக்கோட்டை)

இதே கேள்விய வேற வேற வார்த்தைல நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீட்டமாவே சொல்றேன்.

பழைய பாக்கிய கேக்கறது ஈசி தம்பி, "வர்ற மாசம் மொத்த கணக்கையும் முடிக்கிறேன், உங்க பேர்ல இவ்ளோ நிக்குது"ன்னு தொகைய போட்டு தனியா மெசேஜ் அனுப்புங்க, குரூப்ல போட்டு மானத்த வாங்காதீங்க. ஆனா அடுத்த மாசத்துல இருந்து காசு வந்த அப்புறம்தான் ஆர்டர். காசு வரலன்னா அந்த வீட்டு பேர் லிஸ்ட்ல இல்ல, அவ்ளோதான், கோவமும் வேணாம் விளக்கமும் வேணாம். மாசம் 20ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு ஆர்டர் க்ளோஸ்னா க்ளோஸ், ஒன்பதேகாலுக்கு "ஸாரி அண்ணா மறந்துட்டேன், ரெண்டு கிலோ உளுந்து மட்டும்"னு வர்றவர் உங்க சொந்த மச்சானா இருந்தாலும் அடுத்த மாசம்தான். முதல் தடவ மனசு கேக்காது, ரெண்டாவது தடவ அவரே எட்டரைக்கு போட்டுடுவார்.

இது கறார் பேச்சுன்னு தோணலாம், ஆனா இது நூத்தம்பது வருஷத்துக்கும் பழைய விதி. 1844ல இங்கிலாந்துல ராச்டேல்ங்கற ஊர்ல 28 பேர், நெசவு மாதிரி வேல பாத்த ஏழைங்க, கொஞ்சம் கொஞ்சமா காசு சேர்த்து ஒரு சின்ன கடை திறந்தாங்க, இருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்ளோதான். அவங்க வச்ச விதில ரெண்டு முக்கியம், ஒண்ணு கலப்படம் இல்லாத சரக்கு, இன்னொண்ணு கடன் கிடையாது, கைல காசு. அவங்களுக்கு முன்னாடியும் இந்த மாதிரி கடைங்க இருந்துச்சு, நிறைய கடை கடன் குடுத்தே மூழ்கிப்போச்சு. அத பாத்துட்டுதான் கடனே வேணாம்னு முடிவு பண்ணினாங்க.

அடுத்தது, உங்க ஜிபேவுல வாங்காதீங்க. உங்க சம்பளம், ஈபி பில், பையன் ஃபீஸ் எல்லாம் போற அக்கவுண்ட்ல பருப்பு காசும் சேர்ந்தா மாசக் கடைசில உங்களுக்கே எது எதுன்னு தெரியாது, அடுத்தவங்களுக்கு எப்படி கணக்கு காட்டுவீங்க? ரெண்டு பேர் சேர்ந்து ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் திறங்க, இதுக்கு மட்டும். பாஸ்புக் பக்கத்த மாசா மாசம் போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி போடணும், அதுதான் முக்கியம், கேட்டதுக்கு அப்புறம் காட்டினா அது சந்தேகத்துக்கு பதில் சொன்ன மாதிரி ஆயிடும்.

மொத்த விலைக்கு வாங்கியும் எங்க குரூப்ல மாசா மாசம் கொஞ்சம் பணம் இடிக்குது. யாரும் எடுக்கல, எங்க போகுதுன்னும் தெரியல.
(ஒரு வாசகி, பம்மல்)

யாரும் எடுக்கல, உங்க வகுத்தல்தான் எடுத்திருக்கு. ஒரு பேச்சுக்கு கணக்கு போடுவோம். துவரம் பருப்பு 50 கிலோ மூட்டை, கிலோ 130னு வாங்கறீங்க, 6,500 ரூபாய். நீங்க எல்லாருக்கும் கிலோ 130னு சொல்லிடறீங்க. ஆனா குட்டியானைக்காரர் வாடகைல இந்த மூட்டைக்கு 250, இறக்கு கூலி 50, கவர் 30. மொத்தம் 6,830. அடுத்து 50 கிலோ மூட்டைய ரெண்டு கிலோ மூணு கிலோவா பிரிச்சா 50 கிலோ வராது, ஒவ்வொரு தடவ தராசுல வைக்கும்போதும் முள்ளு கொஞ்சம் அந்தப்பக்கம் போகும், கீழ சிந்தும், சாக்கு அடில தூசியும் குருணையும் நிக்கும், அரைக் கிலோ போயிடும்னு வச்சுக்கங்க. 6,830ஐ 49.5ஆல வகுத்தா கிலோ 138 ரூபாய். இதுதான் உங்க விலை. 130னு சொன்னா 330 ரூபாயும் அரைக் கிலோ பருப்பும் பொறுப்பாளர் தலைல.

138னு சொன்னதும் "மொத்த கடைல 130ன்னு கேட்டேனே"ன்னு ஒருத்தர் வருவார். அவர அடுத்த மாசம் குட்டியானைல கூட ஏத்தி அனுப்புங்க.

இறக்கினதும் மூட்டைய பிரிக்காம முழுசா ஒரு தடவ எடை போடணும், ரெண்டு பேர் பாக்கணும், அதுக்கப்புறம்தான் பிரிக்கணும். சாக்கு தையல்ல ஒரு பக்கம் இழுத்தா நூல் சரசரன்னு கடைசி வரைக்கும் உருவிட்டு வந்துடும், மறுபக்கம் இழுத்தா முடிச்சு இறுகி கத்தரிக்கோல் தேட வேண்டியதுதான். கத்தரிக்கோல் போட்டா நூல் துணுக்கு பருப்புக்குள்ள விழும், அத ஒரு வீடு கண்டுபிடிச்சு போட்டோ எடுத்து குரூப்ல போடும். அதனால சாக்கு தையல பிரிக்க தெரிஞ்ச ஆள் கைல மூட்டைய குடுங்க. கீழ பழைய போர்வை விரிச்சுக்கங்க, தராசுல காலி பாத்திரத்த வச்சு சைபர் பண்ணிட்டு அளங்க, எல்லா வீட்டு பையும் கட்டி முடிச்ச அப்புறம் மிச்சம் இருக்கறத எடை போட்டு எழுதிட்டீங்கன்னா அந்த மாச கழிவு எவ்ளோன்னு தெரிஞ்சிடும். ரெண்டு மூணு மாசத்துல உங்க குரூப்போட கழிவு என்னன்னு உங்களுக்கே பிடிபட்டுடும்.

மொத்தமா எங்க வாங்கறது? நேரா விவசாயிகிட்டயே எல்லாம் வாங்கிடலாம்னு எங்க குரூப்ல ஒருத்தர் பிடிவாதமா சொல்றார்.
(ஒரு வாசகர், சாய்பாபா காலனி, கோவை)

உங்களுக்கு ரங்கே கவுடர் வீதி பக்கத்துலயே இருக்கு, நடந்து பாருங்க, மூட்டை விலை கேட்டா நாலு கடைலயும் சொல்லுவாங்க. மதுரைக்காரங்களுக்கு கீழமாசி வீதி, சேலத்துல லீ பஜாரும் செவ்வாய்ப்பேட்டையும், திருச்சில காந்தி மார்க்கெட், சென்னைல கோயம்பேடு உணவு தானிய மார்க்கெட், இல்லன்னா பாரிமுனை பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. பருப்பு, மிளகாய், எண்ணெய்க்கு விருதுநகர்னா மஞ்சளுக்கு ஈரோடு, அங்க சொந்தக்காரங்க இருந்தா லாரி சர்வீஸ்ல போட்டுவிட சொல்லலாம். முதல் நாளே ஆர்டர் குடுக்காதீங்க, ரெண்டு மூணு கடைல ஒரு ஒரு கிலோ வாங்கிட்டு வந்து சமைச்சு பாருங்க.

உங்க நண்பர் சொல்றதுல பாதி சரி. நெல்லு, நிலக்கடலை, வெல்லம், மஞ்சள், இதெல்லாம் விவசாயிகிட்டயோ விவசாயிங்க சேர்ந்து நடத்தற உற்பத்தியாளர் கம்பெனிகிட்டயோ வாங்கலாம். ஆனா துவரை வயல்ல இருந்து வர்றது தோலோட முழு துவரையா வரும், அத ஊற வச்சு காய வச்சு உடைக்கணும், மில் இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க? பருப்புக்கு பருப்பு மில்தான் சரி. நெல்லுலயும் கணக்கு தெரிஞ்சிருக்கணும், 100 கிலோ நெல்ல அரைச்சா அரிசியா கைக்கு வர்றது 60ல இருந்து 65 கிலோதான், மீதி உமி, தவிடு, குருணை. நெல்லு விலைய பாத்து "ஆஹா இவ்ளோ சல்லிசா"ன்னு குதிக்கறவங்க இத மறந்துடறாங்க.

இன்னொண்ணு, விவசாயிகிட்ட வாங்கறதா இருந்தா மார்க்கெட் விலைய காட்டி குறைச்சு கேக்காதீங்க. அவர் உங்களுக்காக மூட்டைய எடுத்து வச்சு, காயவச்சு, அரைச்சு, பஸ்ல போட்டு விடறார், கமிஷன் மண்டில போட்டிருந்தா அன்னிக்கே கைல காசு வந்திருக்கும். அறுப்புக்கு முன்னாடி பாதி காசு அட்வான்ஸா குடுக்கற குரூப்புக்குதான் அவரும் அடுத்த வருஷம் நல்ல சரக்க எடுத்து வைப்பார்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவா வருது? 25 இருந்தா பிரிக்க ஈசியா இருக்குமே?
(ஒரு வாசகி, திருவெறும்பூர்)

2022 ஜூலை 18ல இருந்து பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம் 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்துச்சு, அதுக்கு மேல போனா கிடையாது. மில்லுக்காரங்க ஒரு கிலோவ கூட்டி 26ஆ தைச்சுட்டாங்க. ரெண்டு வீடுன்னா பதிமூணு பதிமூணு, உங்களுக்கு என்ன கஷ்டம்?

பூச்சி! பருப்பு, அரிசி, ரவை எல்லாத்துலயும் வண்டு வந்து போன தடவ பாதிய கோழிக்கு போட்டோம். வீட்டுக்காரர் இனிமே மூட்டையே வேணாம்ங்கறார்.
(ஒரு வாசகி, ஆரணி)

நீங்க எத்தன மாசத்துக்கு வாங்கினீங்கன்னு எழுதல, ஆனா யூகிக்க முடியுது. விலை சல்லிசுன்னு ஆறு மாசத்துக்கு வாங்கியிருப்பீங்க. ரெண்டு மாசத்துக்கு மேல வீட்ல வைக்கிற மாதிரி வாங்காதீங்க, புளி, மிளகாய், மஞ்சள் மட்டும் விதிவிலக்கு.

பருப்பு வந்ததும் ஒரு அரை நாள் வெயில்ல துணி விரிச்சு காயவச்சு, சூடு நல்லா ஆறின அப்புறம் டப்பாவுல போடுங்க, சூட்டோட மூடினா உள்ள வேர்த்து இன்னும் மோசமாகும். அரிசிய அப்படி கொளுத்துற வெயில்ல போடக்கூடாது, விரிசல் விட்டு வேகும்போது நொறுங்கும், நிழல்ல காத்தாட விரிச்சா போதும். வசம்பு, காஞ்ச மிளகாய், காஞ்ச வேப்பிலை, இதெல்லாம் புதுசா வர்ற பூச்சிய கொஞ்சம் தள்ளி வைக்கும், ஆனா ஏற்கனவே உள்ள முட்டை இருந்தா அத ஒண்ணும் பண்ணாது, பாட்டி சொன்ன வைத்தியம்னு அதையே நம்பி உக்காராதீங்க. ரவை, மைதா, கடலை மாவு மாதிரி சின்ன பாக்கெட்ட மூணு நாலு நாள் ஃப்ரீசர்ல வச்சு எடுத்துட்டா முட்டை செத்துடும். மூட்டைய தரைல வைக்காம பலகை மேல, செவுத்த விட்டு ஒரு ஜாண் தள்ளி வைங்க. தரை ஈரம் சாக்குல ஏறினாலே பாதி வண்டுக்கு அழைப்பிதழ் வச்ச மாதிரி.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். நெல்லு குடோன்ல போடற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைய "ஒண்ணு போட்டா வண்டே வராது"ன்னு யாராவது குடுத்தா வாங்காதீங்க. காத்துல இருக்கற ஈரம் பட்டாலே பாஸ்பீன்னு விஷ வாயு வரும், வீட்டுக்குள்ள தூங்கறவங்க உயிரே போயிருக்கு. கோழிக்கு போட்ட பருப்பு எவ்ளோவோ மேல்.

சரக்கு நல்லா இல்லன்னு ஒரு வீட்ல திருப்பி குடுக்கறாங்க. மத்த வீட்ல நல்லாதான் இருக்குங்கறாங்க. யார் பேச்ச கேக்கறது?
(ஒரு வாசகி, வேளச்சேரி)

ரெண்டு பேரும் உண்மைதான் சொல்றாங்க. ஒரே பருப்பு போர் தண்ணில வேகறதும் மெட்ரோ வாட்டர்ல வேகறதும் வேற வேற, உப்பு தண்ணி வீட்ல நாலு விசில் விட்டாலும் முழிச்சுட்டு இருக்கும். அரிசில புதுசு பழசு சண்டை, தை மாசம் அறுத்த நெல்ல பங்குனிலயே அரைச்சு குடுத்தா சோறு குழைஞ்சு ஒட்டும், அது கெட்ட அரிசி இல்ல, வயசு பத்தல. ஒரு வருஷ பழசுன்னு கேட்டு வாங்கணும், விலை கொஞ்சம் கூட இருக்கும்.

அதனால மூட்டை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கிலோ சாம்பிள் வாங்கி ரெண்டு வீட்ல சமைக்கணும். அதுல ஒரு வீடு குரூப்லயே அதிகமா குறை சொல்ற வீடா இருக்கணும், இது என் அனுபவ சித்தாந்தம். அவங்களே ஓகே சொன்ன சரக்க அப்புறம் யாரும் திருப்ப மாட்டாங்க. பூச்சி, பூஞ்சை, ஊசின வாடைன்னா யார் குடுத்தாலும் திருப்பி எடுத்துக்கணும், மொத்தத்தையும் கடைக்காரர்ட்ட திருப்பணும், இத கடைக்காரர்ட்டயும் முதல்லயே பேசி வச்சுக்கணும். "எங்க வீட்டுக்காரருக்கு பிடிக்கல"ங்கறதுக்கு திருப்பி கிடையாது.

எங்க குரூப்ப ஆரம்பிச்சதுல இருந்து நான்தான் ஆர்டர் எடுக்கறேன், மார்க்கெட் போறேன், கணக்கு எழுதறேன், பொட்டலம் கட்டறேன். எல்லாரும் "நீ இல்லாம முடியாது"ன்னு புகழறாங்க. ஆனா விட்டுட்டு ஓடிடலாம்னு இருக்கு. சுயநலமா நான்?
(ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்)

சுயநலம் உங்ககிட்ட இல்ல தங்கச்சி, அந்த புகழ்ச்சில இருக்கு.

எனக்கு தெரிஞ்சு நின்னுபோன குரூப்ல காசு சண்டைல நின்னது கம்மி, இப்படி ஒருத்தர் முதுகுலயே எல்லாத்தையும் ஏத்தி அவங்க ஒரு நாள் ஊருக்கு போனதும் நின்னதுதான் அதிகம். அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு, "எங்க ஏரியால நான்தான் இத நடத்தறேன்"னு கல்யாண வீட்ல பெருமையா சொல்றது சார், ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் தரைல உக்காந்து பொட்டலம் கட்டறது அவர் சம்சாரம். எத்தன வீட்ல பாத்துட்டேன்.

நாலா பிரிங்க. ஆர்டர் எடுக்கறது ஒரு வீடு, பணம் ஒரு வீடு, மார்க்கெட் போறது ஒரு வீடு, பிரிக்கறதுக்கு ரெண்டு வீடு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. பணம் பாக்கறவரும் மார்க்கெட் போறவரும் ஒரே வீடா இருக்கக்கூடாது, நம்பிக்கை இல்லாம இல்ல, நாளைக்கு ஒரு 200 ரூபாய் இடிச்சா அவர் நிம்மதியா தூங்கறதுக்கு. "எனக்கு நேரமே இல்ல, ஆபீஸ்"னு சொல்ற வீடு கட்டாயம் ஒண்ணு இருக்கும், அவங்க கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட குடுக்கட்டும், அந்த காசு அன்னிக்கு வேல செஞ்சவங்களுக்கு போகட்டும். உறவுக்குள்ள காசு எதுக்குன்னு முகம் சுளிப்பாங்க. நேரத்துக்கு விலை இல்லன்னு நினைக்கிற வரைக்கும் உங்க நேரத்ததான் எல்லாரும் எடுத்துட்டு இருப்பாங்க, சுளிக்கட்டும்.

இப்போதைக்கு ஒரு மாசம் லீவ் சொல்லுங்க. "இந்த மாசம் நான் பாக்கல, யாராவது எடுத்துக்கங்க"ன்னு ஒரே ஒரு மெசேஜ், அதுக்கு மேல ஒண்ணும் விளக்க வேணாம். யாரும் எடுக்கலன்னா அந்த மாசம் எல்லாரும் சூப்பர் மார்க்கெட் போவாங்க, பில்ல பாப்பாங்க.

காய்கறி?
(பல பேர்)

வேணாம். முதல் வருஷம் தொடவே தொடாதீங்க. வெங்காயம், உருளை, தேங்காய் வேணா பாக்கலாம். தக்காளி ஒரு பெட்டி எடுத்தா அடில இருக்கறது நசுங்கித்தான் இருக்கும், அது யார் பைல போகுதுன்னுதான் சண்டை. பக்கத்துல உழவர் சந்தை இருந்தா காலைல நடந்துபோய் வாங்கிட்டு வாங்க, 1999ல இருந்து அதுக்குத்தானே திறந்து வச்சிருக்காங்க.

தெரு முனைல அண்ணாச்சி கடை. இருபது வருஷ பழக்கம். நாங்க மூட்டை இறக்கறத பாத்துட்டு இப்போ முகம் குடுத்து பேச மாட்டேங்கறார். சங்கடமா இருக்கு.
(ஒரு வாசகி, பழங்காநத்தம்)

சங்கடப்பட வேண்டிய விஷயம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி ஒன்பதரைக்கு விருந்தாளி வந்தா கால் லிட்டர் எண்ணெய் அவர்தான் குடுக்கறார், மாசக் கடைசில நோட்டுல எழுதிக்கறதும் அவர்தான். கைல முன்பணம் இல்லாத வீட்டுக்கு நம்ம குரூப் ஒரு உதவியும் பண்ணாது, அவங்களுக்கு அண்ணாச்சிதான் கதி.

நேராவே போய் பேசுங்க. "அண்ணாச்சி, மாசம் ஒரு மூட்டை துவரம் பருப்பு, ஒரு மூட்டை உளுந்து, ஒரு டின் எண்ணெய், முன்பணம் குடுத்துடறோம், நீங்க உங்க சரக்கோட எடுத்துட்டு வாங்க, மூட்டைக்கு இவ்ளோன்னு வச்சுக்கங்க"ன்னு கேளுங்க. அவர் எப்படியும் கீழமாசி வீதிக்கு போறவர்தான், வண்டி வாடகை உங்களுக்கு மிச்சம், விலையும் சரக்கும் அவருக்கு உங்கள விட நல்லா தெரியும், கடன் குடுக்காம ஒரே நாள்ல மூட்டை போறது அவருக்கும் லாபம். ஒத்துக்கலன்னாலும் நீங்க வந்து கேட்டீங்கங்கறது அவருக்கு இருக்கும். சோப்பு, தீப்பெட்டி, பால், தயிர், அவசரத்துக்கு சில்லறை சாமான், இதெல்லாம் தொடர்ந்து அவர்ட்டயே வாங்குங்க.

நாங்க வாங்கறத பக்கத்து தெருக்காரங்களும் கேக்கறாங்க. கொஞ்சம் லாபம் வச்சு குடுக்கலாமா? லைசென்ஸ் ஏதாவது வேணுமா?
(ஒரு வாசகர், ஓசூர்)

உங்களுக்குள்ள காசு போட்டு, வாங்கின விலைக்கு பிரிச்சுக்கற வரைக்கும் அது நாலு வீட்டு ஏற்பாடு. லாபம் வச்சு வெளில குடுத்தா அன்னிக்கே அது வியாபாரம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐன்னு சொல்ற உணவு பாதுகாப்பு ஆணையத்தோட பதிவு வேணும், தராசுக்கு முத்திரை வேணும், கணக்கு வேணும். பதிவு ஒண்ணும் பெரிய மலை இல்ல, ஆனா செய்யாம செய்யாதீங்க. முறையா ஒரு அமைப்பா ஆகணும்னா 1975 சங்கங்கள் பதிவு சட்டத்துல ஏழு பேர் சேர்ந்து சங்கமா பதியலாம், ஆனா வியாபாரம்தான் நோக்கம்னா 1983 கூட்டுறவு சங்க சட்டம், இல்லன்னா கம்பெனி, ஒரு ஆடிட்டர உக்கார வச்சு பேசிட்டு முடிவு பண்ணுங்க.

அப்படி வளர்ந்ததுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. 1904ல ராச்டேல் கடைய முன்மாதிரியா வச்சு திருவல்லிக்கேணில கொஞ்ச பேர் ஆரம்பிச்சதுதான் டியூசிஎஸ்ங்கற கூட்டுறவு சங்கம், அதுல வி.எஸ். சீனிவாச சாஸ்திரி ஒருத்தர், அங்க ஹிந்து ஹைஸ்கூல்ல ஹெட்மாஸ்டரா இருந்தவர். எங்க தலைமுறைல அந்த கடைல சாமான் வாங்காத மெட்ராஸ் குடும்பம் கம்மி. ஆனா அது முழுநேர ஆள் போட்டு, கணக்கு தணிக்கை வச்சு நடந்தது. ஞாயித்துக்கிழமை கார் பார்க்கிங்ல போர்வை விரிச்சு அத நடத்த முடியாது, பக்கத்து தெருக்காரங்களுக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு ஒரு நாள் உக்காந்து சொல்லிக்குடுங்க, அது போதும்.

எந்த மாசத்துல எது வாங்கினா நல்லது?
(ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

தை பொறந்ததும் புது வெல்லம், அதையொட்டி மாசி வரைக்கும் புது துவரம் பருப்பு வர ஆரம்பிக்கும். மாசி பங்குனில புளி, ஒரு வருஷத்துக்கு சேர்த்தே எடுத்துக்கங்க, கொட்டை எடுத்ததா பாத்து வாங்கி கல்லுப்பு போட்டு பானைலயோ ஜாடிலயோ அடைச்சு வச்சா கறுத்தாலும் கெடாது, கறுத்த புளி வத்தக்குழம்புக்கு இன்னும் விசேஷம். கிட்டத்தட்ட அதே சமயம் ஈரோட்டு மஞ்சள், ராமநாதபுரம் குண்டு மிளகாய். மிளகாய கைல எடுத்து ஆட்டினா உள்ள விதை கலகலன்னு சத்தம் கேக்கணும், கேக்கலன்னா ஈரம், எடைக்கு தண்ணிய வாங்கறீங்கன்னு அர்த்தம். டெல்டாவுல நெல்லு தரிசுல போட்ட உளுந்து பங்குனி சித்திரைல வரும். உடன்குடி கருப்பட்டி கோடைலதான், உங்க ஊர்ப்பக்கம் கருப்பட்டிய பத்தி நான் சொல்ல வேண்டியதே இல்ல.

கடைசியா ஒரு சின்ன கேள்வி. பிரிக்கற அன்னிக்கு எல்லாருக்கும் டீ, வடை செலவு ஆகுது. இத எந்த கணக்குல எழுதறது?
(ஒரு வாசகர், தாராபுரம்)

காலி சாக்க என்ன பண்றீங்க? பழைய பேப்பர்காரர் சாக்குக்கு காசு குடுப்பார், அதுல டீய முடிங்க. வடைக்கு பத்தாது, அத அன்னிக்கு லேட்டா வந்தவர் வாங்கட்டும்.